மணிக்கணக்கு

பீடோங் பெரிய சாலையில்
ஆ செங் டயர் கடைக்கு மேலே ஓர் அறை,
மாதம் நானூற்றைம்பது ரிங்கிட்.
பெயர்ப் பலகையில் டாக்டர் என்று போட்டிருந்தேன்.
முதல் வாரமே முழங்கால் வலியோடு ஒருவர்
படியேறி வந்தார்.
அவர் இறங்கிப் போன விதத்தைப் பார்த்து
அந்தச் சொல்லை மட்டும் சுரண்டி எடுத்தேன்.

பதினோரு வருடம், ஒரே ஒரு புரதம்.
எள்ளளவு துளியில்
உப்பைக் கூட்டி, உப்பைக் குறைத்து
படிகம் வருமா என்று காத்திருந்தது
மணிக்கணக்கில் அல்ல, மழைக்கணக்கில்.
வந்தது ஒரு முறை.
ஊசிமுனையில் நின்ற மணி.
நைட்ரஜனில் உறையவைத்து, விமானம் ஏற்றி,
கதிரின் முன் நிறுத்தினால்
பனிக்கட்டி வளையங்கள் மட்டும்.
பனிக்கட்டி பார்க்க அத்தனை தூரம் போயிருக்க வேண்டாம்.
எதிர்க்கடையில் ஐஸ் கச்சாங் விற்கிறார்கள்.

நிதி நின்றபோது உறைபெட்டியைக் காலி செய்தேன்.
குழாய்களின் மேல் என் கையெழுத்து:
தேதி, எண், சிலவற்றில் ஒரு கேள்விக்குறி.
கேள்விக்குறிகளைத் தனியே எண்ணினேன்.
இருநூற்றுப் பதினாறு.

இப்போது அறிவியல் மென்பொருள் ஆலோசகர்.
பதிவு அலுவலகத்துப் பெண் அதை
'கம்ப்யூட்டர், பலவகை' என்று சுருக்கினாள்.
நிறுவனத்தின் முதல் வருமானம்
செங்கின் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவியதற்கு
ஐந்து ரிங்கிட்டும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும்.
ஐந்தைக் கணக்கில் எழுதினேன்.
நாசி லெமாக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் எடைபோட்டுத்தான் விலை,
ரப்பர் பாலுக்கும் செம்பனைக் குலைக்கும்.
டென்மார்க்கிலிருந்து தொலைபேசியில் விலை கேட்டபோது
மணிக்கு நூற்று எண்பது என்றேன், தொண்டை அடைக்க.
உடனே சரி என்றார்கள்.
குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது.

அவர்களின் வரைபடத்தில் சுருள்கள் எல்லாம்
இடக்கைப் பக்கம் முறுகிக் கிடந்தன.
புரதம் அப்படி முறுக்காது.
எங்கோ ஒரு கழித்தல் குறி
தப்பி விழுந்திருக்க வேண்டும்.
வரி வரியாகப் போனேன்.
குலை ஏற்றிய லாரிகள் சாலைக் குழியில்
இறங்கி ஏறும்போதெல்லாம்
திரையில் எழுத்துகள் ஒரு நடுக்கம் நடுங்கின.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்தில் தமிழ்:
'இங்கே கை வைக்காதே.
ஏன் என்று தெரியவில்லை, ஓடுகிறது.'

நான் எழுதியது.
மாநாட்டுக்கு முதல் நாள், விடிகாலை மூன்று மணிக்கு
எழுதி, யாருக்கோ கொடுத்து,
அவர் யாருக்கோ கொடுத்து,
ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாகச் சுற்றி
பொருள் தெரியாத மந்திரம்போல் ஒருவரும் அழிக்காமல்
பீடோங் வந்து சேர்ந்திருக்கிறது.
கழித்தல் குறி அதற்கு நேர் கீழே.

மாற்ற ஒரே ஒரு தட்டு.
கண்டுபிடிக்க இரண்டு மணி நாற்பது நிமிடம்.
என் பிழையைத் திருத்த எனக்கே கூலியா என்று
பட்டியலில் எழுதியதை அழித்தேன்.
பிறகு வாடகை நினைவுக்கு வந்தது.
நாற்பது நிமிடத்தை விட்டுவிட்டு
இரண்டு மணியை எழுதினேன்.
குறிப்பை அழிக்க மனம் வரவில்லை.
அதன் கீழ் ஒரு வரி சேர்த்தேன்:
'இப்போது தெரியும்.'

நாலாம் வருடம் எனக்கும் ஒரு வரைபடம் வந்தது.
இடமா வலமா என்று சொல்ல முடியாத மங்கல்.
எந்த வடிவமும் அதில் உட்காரவில்லை.
குப்பை என்று ஒதுக்கினேன்.
அதுவும் இதே வரியைக் கடந்துதான் வந்திருக்கும்.

அந்த வட்டு அலமாரியின் மேல்தட்டில்,
பழைய ரசீதுகளுக்குப் பின்னால்.

கீழே செங் இரும்புக் கதவை இழுத்து இறக்குகிறார்.
இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா என்று
மலாயில் கத்துகிறார்.
இதோ, என்கிறேன்.
நாற்காலியை அலமாரிப் பக்கம் நகர்த்துகிறேன்.
ஒன்பது இருபது.
குறித்துவைக்கவில்லை.